விடியற்காலை ரயிலில் ராமேஸ்வரம் போகிறவர்கள் ரூம் போடும் முன் இதைப் படியுங்கள்

அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறவர்கள், அதிலும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ரூம் போடுங்கள். 2025 ஆடி அமாவாசை அன்று எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது. ராமேஸ்வரத்தில் அவருக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு பாலத்துக்கு முன்னால் உள்ள மண்டபம் ஸ்டேஷனில் இறங்கி பஸ் மாற வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முட்டிவலி என்பதால் தள்ளிப் போட்டோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும், "இனிமே ரயில்லயே போயிடலாம்ல?" என்று அவரே கேட்டார். அம்மா, நான், அக்கா, மாமா, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். ஆறு பேருக்கும் விழுப்புரத்திலிருந்து டிக்கெட் எடுத்தேன்.

ரூமை மூன்று வாரம் முன்னாலேயே ஒரு பயண இணையதளத்தில் போட்டேன். அதற்கு ஏன் போனேன் என்றால், லாட்ஜின் நம்பருக்கு இரண்டு முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. இணையதளத்தில் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. படங்கள் நன்றாக இருந்தன. 'கோயிலுக்கு 300 மீட்டர்' என்று போட்டிருந்தது. ஒரு நாளைக்கு ஒரு ரூம் 1,900 ரூபாய். இரண்டு ரூம், இரண்டு இரவு, வரி, அதற்கு மேல் 'வசதிக் கட்டணம்' என்று 299, எல்லாம் சேர்த்து 8,811 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே கட்டிவிட்டேன்.

இதில் ஒரு விஷயத்தை யோசித்துத்தான் செய்தேன். ராமேஸ்வரத்தில் பல லாட்ஜ்களில் நேரில் போனால் 24 மணி நேரக் கணக்கு. காலை 5 மணிக்கு உள்ளே போனால் மறுநாள் காலை 5 மணி வரை ரூம் நம்முடையது. இணையதளத்தில் போட்டால் பெரும்பாலும் பகல் 12 மணிக்குத்தான் செக்-இன். அமாவாசை ஜூலை 24-ந்தேதி வியாழக்கிழமை. விடியற்காலை இறங்கி, அம்மாவைப் பகல் 12 வரை எங்கே உட்கார வைப்பது? அதனால் 23-ந்தேதி இரவிலிருந்தே ரூம் போட்டேன். ஒரு இரவு வாடகை வீண்தான், பரவாயில்லை என்று நினைத்தேன். 'உங்கள் வேண்டுகோள்' என்ற கட்டத்தில், '24 காலை 5 மணிக்கு வருவோம், ரூமை வைத்திருக்கவும், முடிந்தால் தரைத்தளம்' என்று தெளிவாக எழுதினேன். கன்ஃபர்மேஷன் வந்தது. அதை நம்பி அதன் பிறகு லாட்ஜுக்குப் போன் செய்யவே இல்லை. தவறு அங்கேதான்.

புதுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போனபோது இன்னும் இருட்டு. அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. ஸ்டேஷனில் இறங்கி இரண்டு ஆட்டோ பிடித்து லாட்ஜ் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரிசப்ஷனில் இருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சார், நீங்க நேத்தே வரணும். ராத்திரி 12 வரைக்கும் பார்த்தோம், வரலைன்னு போட்டு ரூமை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு" என்றார். எழுதி அனுப்பியிருந்தேனே என்று காட்டினேன். தன் திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், தேதி, ரூம் எண்ணிக்கை இருந்தன. நான் எழுதிய வேண்டுகோள் அங்கே இல்லை. அந்தக் கட்டத்தில் நாம் எழுதுவது லாட்ஜுக்குப் போய்ச் சேரும் என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது என்று அப்போதுதான் தெரிந்தது.

சரி, 24-ந்தேதி இரவுக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டியிருக்கிறேன், அந்த ரூமைக் கொடுங்கள் என்றேன். முதல் நாள் வரவில்லை என்றால் மொத்த புக்கிங்கும் போய்விடுமாம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு குடும்பம் ரூம் கேட்டது. "இன்னைக்கு ரேட் 4,500" என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். என்னால் அதை இன்னும் மறக்க முடியவில்லை. ராத்திரி 12 மணிக்கு ஒரு போன் போட்டு, 'வருகிறீர்களா?' என்று கேட்டிருந்தால் போதும். என் நம்பர் அவர்களிடம் இருந்தது. ஆனால் அமாவாசைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாடகை கிடைக்கும்போது, கமிஷன் பிடித்துக்கொண்டு பணம் தரும் இணையதளத்தின் வழியாக வரும் ஆளுக்காக யார் காத்திருப்பார்கள்?

இணையதளத்தின் கஸ்டமர் கேருக்கு அடித்தேன். நாற்பது நிமிஷம். முதலில் பாட்டு, அப்புறம் ஒரு பெண், அப்புறம் அவருக்கு மேலே ஒருவர். லாட்ஜைக் கேட்டால் இணையதளத்தைக் கேளுங்கள் என்கிறார்கள். இணையதளத்தைக் கேட்டால், 'லாட்ஜ் உங்களை வரவில்லை என்று பதிந்திருக்கிறது, திருப்பித் தர முடியாது' என்கிறார்கள். நான் அந்த லாட்ஜ் படியில் நின்றுகொண்டு பேசுகிறேன், நான் வரவில்லை என்று எனக்கே சொல்கிறார்கள்! அம்மா எள்ளும் தர்ப்பையும் வைத்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில், 'ராமேஸ்வரத்திலேயே வேறு ரூம் தருகிறோம், மிச்சத் தொகையை மட்டும் கட்டுங்கள்' என்று ஒரு முகவரி அனுப்பினார்கள். ஆட்டோக்காரர் இன்னும் போகாமல் நின்றிருந்தார். அவரிடம் காட்டினேன். "அண்ணே, இது மண்டபம்ணே. பாலத்துக்கு அந்தப் பக்கம். இங்கேருந்து 20 கிலோமீட்டர் இருக்கும். இன்னைக்குக் கூட்டத்துல போயிட்டுத் திரும்பி வரவா?" என்றார்.

இது அந்த ஒரு இணையதளத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு மூன்று நான்கு இடங்களில் தேடிப் பார்த்தேன். ராமேஸ்வரம் என்று போட்டால் மண்டபம், உச்சிப்புளி, அரியமான் கடற்கரைப் பக்கத்து விடுதிகளெல்லாம் சேர்ந்தே வருகின்றன. அவை எல்லாம் தீவுக்கு வெளியே, கரைப் பக்கம் இருக்கின்றன. குடும்பத்தோடு கடலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த இடங்கள் நல்ல இடங்கள்தான். விடியற்காலை அக்னி தீர்த்தத்தில், அதாவது கோயிலுக்கு எதிரே உள்ள கடலில், முழுக வேண்டியவர்களுக்கு அவை உதவாது. தனுஷ்கோடி பெயரைச் சேர்த்துக்கொண்ட விடுதிகளும் வருகின்றன. 1964 புயலில் அழிந்த ஊர் அது. மாலைக்கு மேல் அங்கே யாத்ரீகர்களைத் தங்க விடுவதில்லை. அந்தப் பெயரில் ரூம் போட்டவர்கள் ராமேஸ்வரம் ஊருக்குள்ளேயோ போகும் வழியிலேயோதான் தங்குவார்கள்.

'கோயிலுக்கு 300 மீட்டர்' என்பதும் அப்படித்தான். எங்கள் லாட்ஜ் மேற்கு கோபுரத்தின் பக்கம். கடலோ கிழக்கு வாசலுக்கு எதிரே. கோயிலே கிழக்கு மேற்காக 865 அடி. ஆக, கடலுக்குப் போக அரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். அமாவாசை அன்று ரத வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். முட்டிவலிக்காரருக்கு 300 மீட்டருக்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆட்டோக்காரர்தான் எங்களை ஒரு சத்திரத்துக்குக் கூட்டிப் போனார். ரூம் இல்லை. கூடத்தில் பைகளை வைத்துக்கொள்ளவும் கழிவறைக்குப் போகவும் இடம் கொடுத்தார்கள். தர்ப்பணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தமும் ஆடியவர்கள் ஈரத் துணியோடு சன்னதிக்குள் போகக் கூடாது, மாற்றித்தான் போக வேண்டும். பெண்கள் உடை மாற்றும் இடத்தில் வரிசை. அம்மா முக்கால் மணி நேரம் ஈரப் புடவையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அக்கா அப்புறம் சொன்னாள். மறுநாள் தேவிபட்டினம் நவபாஷாணம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று போட்டிருந்த திட்டமெல்லாம் போயிற்று. அன்று மாலையே பஸ் ஏறிவிட்டோம்.

பஸ்ஸில் இன்னொரு ஆபத்து வந்தது. இணையதளத்தின் நம்பரைத் தேடிய மாமாவுக்கு முதலில் வந்தது ஒரு மொபைல் நம்பர். எடுத்தவர் இனிமையாகப் பேசி, ரீஃபண்ட் இப்போதே வரும், ஒரு ஆப்பை ஏற்றுங்கள், கார்டு நம்பரைச் சொல்லுங்கள் என்றார். அக்கா போனைப் பிடுங்கி வைத்தாள். கஸ்டமர் கேர் நம்பரைத் தேடல் பக்கத்திலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். நாம் ரூம் போட்ட ஆப்புக்குள் இருப்பதை மட்டும் நம்புங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

பணத்துக்காக என்ன செய்தேன் என்றும் சொல்கிறேன். இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வந்தது அதே பதில்: நீங்கள் போகவில்லை. அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். ரயில் டிக்கெட், ரிசப்ஷனில் மாமா எடுத்திருந்த படம் (பின்னால் சுவர்க் கடிகாரம் 5:20 காட்டுகிறது), கஸ்டமர் கேருக்குப் பேசிய கால் விவரம், எல்லாவற்றையும் இணைத்தேன். அந்தப் படம் இல்லையென்றால் என்னிடம் ஒன்றுமே இல்லை. எனவே ரூம் இல்லை என்று சொன்னால் கோபத்தில் கிளம்பிவிடாதீர்கள். அங்கேயே நின்று படம் எடுங்கள், 'இன்ன நேரத்துக்கு வந்தார், ரூம் இல்லை' என்று எழுதி வாங்கப் பாருங்கள்.

38-ஆம் நாள் 4,256 ரூபாய் வந்தது. இரண்டாம் இரவுக்கான பணம் மட்டும். முதல் இரவும் அந்த 299-உம் இன்னும் வரவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

தை அமாவாசைக்கு அம்மாவை மறுபடி கூட்டிப் போனேன். இந்த முறை சன்னதித் தெருப் பக்கம் ஒரு சின்ன லாட்ஜ். நாலு நாள் விடாமல் அடித்து, எடுத்தவரிடம் பேசினேன். முன்பணம் 1,000 ரூபாய் அனுப்பினேன். கிளம்பும் முந்தின நாள் மறுபடி கூப்பிட்டேன். "எத்தனை மணி ரயில்ண்ணே?" என்று அவராகவே கேட்டார். போய் இறங்கியபோது நோட்டில் என் பெயருக்கு நேரே 'காலை 5, அம்மாவுக்குக் கீழ் ரூம்' என்று பேனாவில் எழுதியிருந்தது.