பாடம் முதலா, நோய் முதலா?

நோய் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தரும் இளங்கலை அறிவியல் பட்டத்தை இரண்டு விதமாக அமைக்கலாம். பழைய வழியில் முதலாண்டு உயிர்வேதியியல், செல் உயிரியல், அடுத்து நோயெதிர்ப்பியல், கடைசியில்தான் நோய். அடித்தளம் உறுதி, சரி. ஆனால் சுங்கை சிப்புட்டில் எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) முடித்த தோட்டத்துப் பிள்ளை செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியை ஒப்பிக்கும், இனிப்பு நீர் உள்ள பாட்டிக்குக் கால் புண் ஏன் ஆறவில்லை என்று கேட்டால் திருதிருவென விழிக்கும்.

மற்ற வழி நோயிலிருந்தே தொடங்குவது. நிப்பா என்ற வைரஸ் நோயை எடுங்கள், நம்ம ஈப்போ பக்கம் 1998இல் தலைகாட்டியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள், அடங்கவில்லை. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும், இங்கே விழுந்ததோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே விஷயம் தெளிந்தது. அது எஃப்ரின்-பி2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. இரத்தக்குழாயின் உட்சுவரிலும் நரம்புச் செல்லிலும் அந்தப் புரதம் இருப்பதால் மூளை அடிபடுகிறது. செல் உயிரியலும் தொற்றுநோயியலும் ஒரே நோயில் வந்துவிட்டன, பாருங்கள்.

குறையும் உண்டு, அங்கங்கே ஓட்டை விழும். நிப்பாவை எவ்வளவு படித்தாலும் புற்றுநோய் புரியாது. அப்புறம் வேறு வேறு துறை விரிவுரையாளர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது பெரும்பாடு.

என் ஓட்டு இரண்டாவதற்கே. புள்ளியியலையும் ஆய்வகப் பயிற்சியையும் மட்டும் தனிப் பாடமாக வையுங்கள், அவற்றை நோய்க்கு நடுவே செருகினால் யாரும் படிக்க மாட்டார்கள்.