ரைட் சகோதரர்கள் விமானம், மரக் கிட்: ஒரு லேத் பட்டறைக்காரன் ஒட்டிப் பார்த்தது

கோவை கணபதியில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான். அவனுக்காக கிராஸ்கட் ரோட்டுக் கடை ஒன்றில் 1,450 ரூபாய் கொடுத்து இந்தக் கிட்டை வாங்கினேன். 1903 டிசம்பர் 17 அன்று முதல் தடவை 12 விநாடி, 120 அடி பறந்ததே, அந்த விமானம்.

ப்ளைவுட் வெட்டு சுத்தம், பிசிறே இல்லை. இறக்கைக்குக் கொடுத்த காகிதம்தான் பசை பட்டதும் சுருங்கிவிட்டது. பழைய மல் வேட்டியைக் கிழித்து ஒட்டினேன். நிஜ விமானத்துக்கும் மஸ்லின் பருத்தித் துணிதானே போட்டார்கள்!

எனக்குக் கோபம் வந்தது காத்தாடியில், அதாவது விமானத்தைத் தள்ளும் ப்ரொப்பல்லரில். நிஜத்தில் ஒரே இன்ஜின், இரண்டு காத்தாடி, நடுவில் செயின். சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா! ஒரு பக்கச் செயினை மட்டும் எட்டுப் போல் குறுக்கே போட்டு, காத்தாடிகளை எதிரெதிராகச் சுற்ற விட்டார்கள். அப்போதுதான் ஒன்றின் முறுக்கை மற்றது சமன் செய்யும். கிட்டில் இரண்டுக்கும் நேராக ரப்பர் பேண்ட்.

“ஏனுங்க அப்பிச்சி, பொட்டி மேல அம்புக்குறி எதிரெதிராப் போட்டிருக்குதுங்களே?” என்றான் பேரன்.

சரி என்று ஒரு ரப்பரை எட்டாக முறுக்கினேன். உரசும் இடத்தில் இளநீர்க் கடை ஸ்ட்ராவை நீளவாக்கில் கீறி மாட்டினேன். அவர்களும் செயினைக் குழாய்க்குள்தான் விட்டிருந்தார்கள். சுற்றியது. அப்புறம் பார்த்தால் இரண்டு காத்தாடியின் இலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்த வாட்டம். ஒன்று காற்றைப் பின்னால் தள்ள, மற்றது முன்னால் தள்ளுகிறது! பேக்கிங் கட்டையில் எதிர் வாட்டமாக ஒன்று செதுக்க அரை நாள் போனது.

இன்ஜின் என்று ஒரு மரக்கட்டை, அவ்வளவுதான். கையேட்டில் சார்லி டெய்லர் பெயரே இல்லை. அவர்கள் கடை மெக்கானிக். ஒரு லேத்தும் டிரில்லிங் மெஷினும் வைத்து ஆறே வாரத்தில் இன்ஜினைச் செய்து முடித்த ஆள். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு எஃகுப் பாளத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, வேண்டாததைத் தட்டி எடுத்து, மிச்சத்தை லேத்தில் கடைந்தார். இன்ஜினின் உடல்பாகமான பிளாக் அலுமினிய வார்ப்பு, சுமார் 12 குதிரைத்திறன். பட்டறைப் பையன்களிடம் இதைச் சொன்னபோது டீ ஆறிப்போனது.

ஐந்துக்கு மூன்று மார்க். சின்னப் பிள்ளைகளிடம் தனியாகக் கொடுக்காதீர்கள். இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் குச்சிகள் பட்டென்று ஒடிகின்றன. என் கையிலேயே நாலு போயிற்று. ஊதுபத்தி எரிந்து மிஞ்சும் மூங்கில் குச்சி அந்தத் துளைக்குக் கச்சிதமாகச் சேர்கிறது.