பவுத்திரம்: அறுவையா, நூலா, லேசரா?

ஆசனவாய்க்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பரு. இரண்டு வாரம் சும்மா இருக்கும். அப்புறம் வீங்கி, உட்காரவிடாமல் வலித்து, உடைந்து உள்ளாடையில் சீழ் படியும். வலி அடங்கியதும் ஆறிவிட்டது என்று தோன்றும், மறுபடி வீங்கும். இதை மூலம் என்று எண்ணி மாதக்கணக்கில் களிம்பு தடவுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. உள்ளே ஒரு சுரப்பியில் பிடித்த சீழ் தோல் வரை தோண்டிய சுரங்கம்தான் இந்தப் பவுத்திரம். களிம்போ மாத்திரையோ அதை மூடாது.

எந்தச் சிகிச்சை என்பதற்கு முன்னால், அந்தச் சுரங்கம் சுருக்குத் தசையை எவ்வளவு துளைத்திருக்கிறது என்று தெரியவேண்டும். மலத்தை அடக்குவது அந்தத் தசைதான். 1976-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் பார்க்ஸ் வகுத்த நான்கு வகைகளும் இதை வைத்தே பிரிக்கப்பட்டவை.

மேலோட்டமானதை அனுபவமுள்ள விரலே கயிறுபோல் தடவிக் கண்டுபிடித்துவிடும். ஆசனவாய்க்குள் கருவி வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட், தசையையும் சுரங்கத்தின் உள்வாயையும் நன்றாகக் காட்டும். ஆனால் தூரத்தில் ஒளிந்திருக்கும் சீழைத் தவறவிடலாம். கிளைகளையும் அந்தச் சீழையும் காட்டுவது எம்.ஆர்.ஐ. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு என் ஓட்டு அதற்கே.

தசையைக் கொஞ்சமே தொடும் பவுத்திரம் என்றால் திறந்துவிடும் அறுவைதான் நல்லது. சுரங்கத்தைக் கீறி வாய்க்கால்போல் விரித்துவிட்டால் அடியிலிருந்து ஆறி வரும். பெரும்பாலோருக்கு அதோடு முடிந்துவிடும். அதையே தசையை ஆழமாகத் துளைத்த பவுத்திரத்துக்குச் செய்தால் காற்றும் மலமும் கசியும் ஆபத்து உண்டு. பெண்களுக்கு முன்பக்கத் தசை குட்டை என்பதால் அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

ஆயுர்வேதத்தில் சுரங்கத்துக்குள் கோத்துக் கட்டும் காரநூலில் கள்ளிப்பால், நாயுருவிக் காரம், மஞ்சள் எல்லாம் அடுக்கடுக்காகப் பூசியிருக்கும். வாரம் ஒருமுறை நூலை மாற்றுவார்கள். முன்னால் அறுத்துக்கொண்டே போக, பின்னால் புண் ஆறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வில், அறுவையைவிட ஆற அதிக நாள் பிடித்தது, திரும்ப வந்தது குறைவு. மெதுவாக என்றாலும் இதுவும் தசையை அறுக்கத்தான் செய்கிறது, அதை மறக்கவேண்டாம். தளர்வாகக் கட்டும் சாதா நூல் அப்படியல்ல. அது அறுக்காது, சீழை வடியவிட்டு அடுத்த சிகிச்சைக்கு இடத்தைத் தயார்செய்யும்.

தசையை வெட்டாத முறைகளில் லிஃப்ட் (LIFT) என்பது 2007-இல் தாய்லாந்து மருத்துவர்கள் விவரித்தது. இரு சுருக்குத் தசைகளுக்கு நடுவே சுரங்கத்தைக் கட்டித் துண்டிப்பார்கள். லேசர் அதை உள்ளிருந்தே சுட்டு மூடும். புண் சிறிது, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். விளம்பரத்தில் சொல்லாதது என்னவென்றால், ஆறாமல் போகிறவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அப்படியும் ஆழமான பவுத்திரத்துக்கு இவற்றை முதலில் முயல்வதே சரி. தோற்றால் இன்னொன்று செய்யலாம், போன தசையை மீட்பது கடினம்.

நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக்குறைவும் சேர்ந்திருந்தால் குடலில் நாள்பட்ட அழற்சியை உண்டாக்கும் குரோன் நோயா, காசநோயா என்று முதலில் பார்க்கவேண்டும். அது தெரியாமல் கத்தி வைத்தால் புண் ஆறாமலே கிடக்கும்.

காய்ச்சலோடு வீங்கி வலித்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றைக்கே போய்ச் சீழை எடுத்துவிடுங்கள்.