படுவான்கரைப் பாதைக்கு எந்தப் பழைய கெப்: ஹைலக்ஸ், எல் 200, நிசான்

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ பழைய கெப் (பிக்கப்) தேடுகிற ஒருவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால், வாயில் முதலில் வருவது டொயோட்டா ஹைலக்ஸ்தான். அதில் பிழையில்லை, நல்ல வாகனம். ஆனால் அந்தப் பேருக்கென்றே தனியாக ஒரு விலை வைக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வாகனங்களின் விலை கண்டபடி ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தாலும், புதியவற்றின் வரியைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள் முப்பது வருடக் கெப்பைத்தான் பார்க்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வட்டைக்கும் (வயல்வெளி) வாடிக்கும் (வயற்குடில்) உரமூடை ஏற்றி, மாரியில் சேற்றுப் பாதையில் போய்வருகிற ஒருவர் ஹைலக்ஸ் பேருக்கு அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கத் தேவையில்லை. நல்ல சேசியோடு (அடிச்சட்டம்) ஒரு நிசான் கிடைத்தால் அதை வாங்கி, மிச்சக் காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடலாம். இதை ஒத்துக்கொள்ளாத கராஜ் பாஸ்மார் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

எஞ்சினைப் பற்றிப் பேசுமுன் சேசி. பழுதான எஞ்சினுக்குப் பதில் கொழும்பில் பழைய உதிரிகள் விற்கும் பஞ்சிகாவத்தையில் இன்னொன்று எடுக்கலாம். துருப்பிடித்த சேசிக்கு அப்படி வழியில்லை. கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடலோரம் நெடுக உப்புக் காற்று. அதைவிட மோசமானது மீன் ஏற்றிய கெப். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பின்பெட்டியின் இடுக்குகளால் நேரே சேசியில் வடியும். வெளியே புது பெயின்ட் மினுங்கும், உள்ளே தகடு செதில் செதிலாகக் கழரும். களுவாஞ்சிக்குடிப் பக்கத்துக் கராஜ்காரர் ஒருவர் வாகனம் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: “மனே, கதவத் தட்டிப் பாக்காத, கீழ படுத்துப் பார்.”

சின்னச் சுத்தியலோடு கீழே போங்கள். கேபினுக்குப் பின்னால் சேசி வளைகிற இடம், பின் ஸ்பிரிங் சேசியில் பொருந்துகிற இடம், ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டியிருக்கும் இடம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அழுகியது மொத்தென்று கேட்கும். சேசி முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்திருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். பெட்டிவடிவச் சேசியின் ஓட்டைகளால் மணலும் சேறும் உள்ளே போய்த் தேங்கும், துரு அங்கிருந்துதான் தொடங்கும். வாங்கிய பிறகும் மாரி முடிந்ததும் அந்த ஓட்டைகளுக்குள் தண்ணீர்க் குழாயை விட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்தபின் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் குறைவு. செய்கிறவர்களின் கெப் எந்தக் கம்பனியுடையது என்றாலும் நிற்கும்.

சரி, இப்போது எஞ்சின்.

ஹைலக்ஸில் நம் பக்கம் அதிகம் பேசப்படுவது 1988 முதல் 1997 வரை வந்த எல்.என். 106, அதற்குப் பின் வந்த எல்.என். 166, 167. முதல் இரண்டிலும் 2779 சீசீ 3எல் எஞ்சின், 167 இல் கிட்டத்தட்ட 3000 சீசீ 5எல். டர்போவும் இல்லை, கம்பியூட்டரும் இல்லை. பம்ப், நொசில், கிளட்ச் என்று எதைக் கேட்டாலும் கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ கிடைக்கும், இல்லாவிட்டால் கொழும்பு பஸ்ஸில் அனுப்பிவிடுவார்கள். இந்த விடயத்தில் ஹைலக்ஸை வேறொன்றும் நெருங்க முடியாது. 106 க்கு முன்பக்கமும் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். உடம்பை உலுக்கும், ஆனால் குழியில் விழுந்து எழும்ப அதைவிட ஒன்றில்லை. அதன் பலவீனம் முன் அச்சின் முனைகளில். உள் சீல் தேய்ந்தால் டிஃப் (டிஃபரன்ஷியல், அச்சின் பல்சக்கரப் பெட்டி) எண்ணெய் வெளியே வந்து கிரீஸோடு கலக்கும். முன்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஈரமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். 166 இலும் 167 இலும் முன்பக்கம் பெரும்பாலும் டோர்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்குக் கம்பி, ஓட்டம் மிருது.

மிட்சுபிஷி எல் 200 ஐ ஓட்டிப் பார்த்தவர் அதைத்தான் விரும்புவார். மூன்றிலும் சொகுசு அதில்தான், டர்போ இருப்பதால் இழுவையும் உண்டு. 1996 இலிருந்து வந்தவற்றில் பெரும்பாலும் 2477 சீசீ 4டீ56 எஞ்சின். இதன் ஹெட், அதாவது எஞ்சினின் மேல்பாகம், அலுமினியம், சூடு ஏறினால் வெடிக்கும். நம் பக்கம் கெப்பைச் சோதித்துப் பார்க்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். மட்டக்களப்பில் மேடே இல்லை. காத்தான்குடியிலிருந்து அக்கரைப்பற்று வரை ஓட்டினாலும் அடைபட்ட ரேடியேற்றர் தன் குணத்தைக் காட்டாது. வாங்குமுன் பாரம் ஏற்றி, பதுளை வீதியில் பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். அவ்வளவு தூரம் முடியாவிட்டால் உச்சி வெயிலில், மணற்பாதையில், லோ கியரில் கொஞ்ச நேரம் உருட்டுங்கள். வெப்பமுள் நடுவைத் தாண்டி ஏறினால் அந்த வண்டி வேண்டாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதும் முக்கியம். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட்டிலோ கேஸ்கட்டிலோ கோளாறு. அதனால்தான் “நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் அண்ணன்” என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

நிசானில் நான் சொல்வது டீ 21, அதாவது 1997 வரை வந்த பழைய வடிவம். அதற்குப் பின் வந்த டீ 22 இல் வேறு எஞ்சின்களும் உண்டு, பொனெட்டைத் திறந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும். தேட வேண்டியது 2663 சீசீ டீடி27. வேகம் இல்லை, சத்தம் உண்டு. பாரத்தோடு ஒரு பஸ்ஸை முந்த நினைத்தால் பொறுமை வேண்டும். ஆனால் அதில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டே கிடையாது, முழுக்கப் பல்சக்கரம்.

இது ஏன் பெரிய விடயம் என்றால், ஹைலக்ஸின் 3எல் எஞ்சினுக்கு 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பெல்ட் மாற்ற வேண்டும். அதை நினைவூட்ட டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். மாற்றாமலே விளக்கை மட்டும் அணைத்துவிட்டு விற்கவும் முடியும். எல் 200 க்கு இரண்டு பெல்ட். அதிர்வைக் குறைக்கும் தண்டுகளுக்கென்று ஒரு சின்னப் பெல்ட் தனியாக உண்டு, அது அறுந்து பெரிய பெல்ட்டில் சிக்கினால் அதையும் கொண்டுபோகும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும். கைமாறிக் கைமாறி வந்த கெப்பில் பெல்ட் எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே ஹைலக்ஸோ எல் 200 ஓ வாங்கினால், விற்பவர் என்ன சொன்னாலும் முதல் வாரமே பெல்ட்டை மாற்றிவிடுங்கள். அந்தச் செலவை விலைபேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள். நிசானில் இந்தப் பயமே இல்லை. குறை எங்கே என்றால், விளக்கு, கதவுப் பிடி, கண்ணாடி போன்ற பொடிச் சாமான்கள் தேட அலைய வேண்டும். திருப்பி விற்கும்போது ஹைலக்ஸ் போல ஆட்கள் வரிசையில் நிற்க மாட்டார்கள். பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு இது குறையல்ல. இரண்டு வருடத்தில் கைமாற்ற நினைப்பவர் ஹைலக்ஸையே எடுக்கட்டும்.

பிந்திய ஹைலக்ஸ் விகோவைப் பற்றியும் கேட்பார்கள். 2494, 2982 சீசீ எஞ்சின்கள், இரண்டும் கம்பியூட்டர் கட்டுப்படுத்தி உயர் அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் கொமன் ரெயில், பழையவற்றைவிட எல்லா வகையிலும் நன்றாக ஓடும். ஆனால் அறுவடை நேரத்தில் வாடியில் கேனில் வைத்த டீசலை ஊற்றுகிறவருக்கு அது சரிவராது. துளித் தண்ணீரும் தூசும் போதும், இன்ஜெக்டர் போய்விடும், அதன் விலை நெஞ்சைப் பிடிக்கும். பழைய எஞ்சின்களுக்கும் கெட்ட டீசல் நல்லதல்ல, ஆனாலும் அவை கொஞ்சம் பொறுக்கும்.

வீதியிலேயே ஓடி, கடைச்சாமான் மட்டும் ஏற்றுகிறவருக்கு இவை எதுவும் தேவையில்லை. 702 சீசீ டிமோ பட்டா என்ற குட்டி லொறி போதும், டீசல் செலவும் குறைவு. அதன் 12 அங்குலச் சக்கரத்தைச் சேற்றில் இறக்காதவரை கவலையில்லை.

அடுத்தது வெள்ளம். கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் மாரியில் தண்ணீர் குறுக்கே பாய்வதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஓடிச் சூடேறிய டிஃப் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பிரீதராலும் (காற்றுப் போகும் துளை) சீலாலும் தண்ணீரை உறிஞ்சும். பிறகு எண்ணெயைக் கழற்றிப் பார்த்தால் பால்தேத்தண்ணி நிறத்தில் வரும். அதோடு ஓட்டினால் பேரிங்கும் பல்சக்கரமும் தேயும். ஆகவே வெள்ளத்தில் இறங்கிய ஒவ்வொரு முறையும் இரண்டு டிஃப், கியர்பொக்ஸ் எண்ணெயைப் பார்க்க வேண்டும், சக்கரப் பேரிங்குக்குப் புதுக் கிரீஸ் வைக்க வேண்டும். பிரீதரில் ஒரு ரப்பர்க் குழாயைப் பொருத்தி எஞ்சின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால் பாதித் தொல்லை போய்விடும். மூன்று கெப்புக்கும் இது ஒன்றுதான், செலவும் சொற்பம். வாங்கும்போதும் டிஃப் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுக்கிற ஆளிடம் வாங்க வேண்டாம். ஃபோர் வீலையும் மண்ணில் போட்டுச் சோதியுங்கள், தார் வீதியில் வேண்டாம்.

கறுப்புப் புகை விடும் வண்டி புகைப் பரிசோதனையில் நிற்காது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடைக்காது. சில வேளை எயார் ஃபில்டரை மாற்றினாலே தீரும், நொசில் பார்க்க வேண்டிவந்தாலும் பழைய எஞ்சினுக்குத் தாங்கக்கூடிய செலவு.

கடைசியாகப் பத்திரம். உதிரிகளைக் கொண்டு அசெம்பிள் பண்ணி, வேறொரு வாகனத்தின் இலக்கத்தில் ஓடும் டபிள் கெப்புகள் இந்த நாட்டில் உண்டு. பொலிஸ் பிடித்தால் காசும் போய் வாகனமும் போகும். சேசி இலக்கத்தை நீங்களே துடைத்து, வாசித்து, சீஆர் புத்தகத்தோடு (வாகனப் பதிவுச் சான்றிதழ்) எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இலக்கத்தைச் சுற்றி உராய்ந்த தடமோ புது வெல்டிங்கோ இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் பதிந்திருக்க வேண்டும். லீசிங் கம்பனியின் பேர் இன்னும் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம். உரிமை மாற்றாமல் வெறும் கையெழுத்துப் பத்திரத்தில் நாலு கை மாறி வந்த வண்டி எவ்வளவு மலிவென்றாலும், பதிவில் இருப்பவர் நேரே வந்து கையெழுத்து வைத்தால் மட்டும் வாங்குங்கள்.