12 வோட்டிலும் கூடிய வெளிச்சம் தந்த 9 வோட் குமிழ்

உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டுக்கு மின்குமிழ்கள் வாங்குவதற்காகத் திருகோணமலை நகரின் மின்பொருள் கடையொன்றுக்குச் சென்றபோது, முதலாளி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று 9 வோட் எல்.ஈ.டி. குமிழ். மற்றது அதன் பாதி விலைக்குக் கிடைத்த 12 வோட் குமிழ். "ஐயா, பன்னிரண்டு வோட்ஸ் எடுங்கோ, வெளிச்சம் கூட" என்றார். நான் இரண்டையும் வாங்கி, ஒரு மாதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த பின்னரே இதனை எழுதுகிறேன்.

வோட் என்பது குமிழ் உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது தரும் வெளிச்சத்தின் அளவன்று. வெளிச்சத்துக்கு லூமன் என்னும் தனி அளவு உண்டு. பழைய இழைக்குமிழ்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே திறனுடன் எரிந்தமையால், 60 வோட் என்றதும் இவ்வளவு வெளிச்சம் வரும் என்று கண் பழகிவிட்டது. அந்த வெளிச்சம் சுமார் 800 லூமன். 40 வோட் குமிழ் சுமார் 450 லூமனும், 100 வோட் குமிழ் சுமார் 1,600 லூமனும் தந்தன. எல்.ஈ.டி.யில் இந்தக் கணக்கு செல்லாது, ஏனெனில் ஒரு வோட்டுக்கு 70 லூமன் தருவதும் உண்டு, 100 லூமனைத் தாண்டுவதும் உண்டு.

9 வோட் பெட்டியில் 806 லூமன் என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். 12 வோட் பெட்டியிலோ '100 வோட்டுக்குச் சமம்' என்ற பெரிய எழுத்தைத் தவிர லூமன் எங்கும் இல்லை. தொலைபேசியின் ஒளிமானிச் செயலி துல்லியமானதன்று எனினும் ஒப்பிடுவதற்குப் போதுமானது. ஒரே ஹோல்டரில் மாட்டி, ஒரே மேசையில் வைத்து அளந்தபோது, 9 வோட் குமிழின் கீழேயே எண் கூடுதலாக இருந்தது. மலிவுக் குமிழைத் தொலைபேசிக் கமெரா வழியாகப் பார்த்தால் கருங்கோடுகள் ஓடின. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், உள்ளிருக்கும் மின்சுற்று தரமற்றதாயின் குமிழ் விநாடிக்கு 100 முறை துடிக்கும். மகள் அதன் கீழிருந்து படித்த இரண்டு நாளும் தலையிடி என்றாள். காரணம் இதுதானா என்று நான் வாதாடவில்லை, குமிழைக் கழற்றிவிட்டேன்.

பின்னர் அதைக் குசினியில் மாட்டினேன். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் குறிக்கும் அளவு. இதன் 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் கண்ணுக்குப் பளிச்சென்றுதான் இருந்தது, ஆனால் காலையில் வாங்கிய பாரை மீனின் செவுள் மங்கிப் பழையதுபோல் தெரிந்தது. இது கெல்வினின் குற்றமன்று. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் சி.ஆர்.ஐ. எண் குறைந்த குமிழ்களில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் சிவப்புத்தான். வீட்டுக்கு அந்த எண் 80க்குக் குறையாதிருப்பது நல்லது. படுக்கையறைக்கு 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சமே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

மின்பட்டியலுக்கு அஞ்சி 9 வோட்டா 12 வோட்டா என்று தடுமாற வேண்டியதில்லை. நாளொன்றுக்கு 5 மணிநேரம் எரித்தால் இரண்டுக்கும் மாத வித்தியாசம் அரை அலகுக்கும் குறைவு. 60 வோட் இழைக்குமிழ் அதே நேரத்தில் 9 அலகு உண்ணும். இந்த 9 வோட் குமிழுக்கு 1.35 அலகு போதும்.

பெட்டியிலுள்ள 15,000 மணிநேர ஆயுள் என்பது நாளுக்கு 5 மணிநேரக் கணக்கில் எட்டு ஆண்டுக்குமேல் வரும். ஆனால் அது பொதுவாக வெளிச்சம் 70 சதவீதமாகக் குறையும்வரையுள்ள காலத்தையே குறிக்கும். வெப்பம் சேர்ந்தால் அதற்கு முன்பே உள்ளிருக்கும் மின்சுற்று கெட்டுவிடும். ஆகவே மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் இதை மாட்டாதிருப்பது நல்லது. எங்கள் வெக்கையில் அது இன்னும் அவசியம். இரண்டு வருட உத்தரவாதத்துக்குக் கடைக்காரர் பற்றுச்சீட்டில் திகதியிட்டுத் தந்தது நல்ல வழக்கம்.

9 வோட் குமிழில் இன்னும் மூன்று வாங்கிவிட்டேன். 12 வோட் குமிழ் இப்போது கிணற்றடிக் கூரையின் கீழ் எரிகிறது. வாளியைத் தேடி எடுக்க அந்த வெளிச்சம் போதும்.