சி ஒயர் இல்லையா? ஜி ஒயரை மாற்றலாமா, அடாப்டர் போடலாமா?

வீட்டின் சூட்டையும் குளிரையும் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்குச் சுவருக்குள் வருவது ஆர் (மின்சாரம்), டபிள்யூ (சூடு), ஒய் (குளிர்), ஜி (ஃபேன்) என நான்கே ஒயர்கள். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுக்கோ தொடர்ந்து மின்சாரம் தர சி (காமன், மின்சாரம் திரும்பிப் போகும் பாதை) ஒயரும் வேண்டும்.

காசு செலவில்லாத வழி, ஃபேனுக்கான ஜி ஒயரை, தெர்மோஸ்டாட், ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) என இரு முனையிலும் சி-க்கு மாற்றுவது. ஃபர்னஸ் போர்டில் ஒய் இணைப்பிடத்தையும், காலியான ஜி இணைப்பிடத்தையும் துண்டு ஒயரால் இணைத்துவிட்டால், குளிரூட்டும்போது ஃபேனும் ஓடும். ஃபேனை மட்டும் தனியாக ஓட்ட முடியாது, அவ்வளவுதான். ஆனால் எலக்ட்ரிக் ஹீட்டர் என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள். கேஸ் ஃபர்னஸ் போல அது தானாக ஃபேனைப் போடும் என்று நம்ப முடியாது.

இரண்டாவது வழியாக 24 வோல்ட் மாறுமின் அடாப்டர் போட்டால் ஃபேன் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். பக்கத்தில் பிளக் பாயிண்ட் வேண்டும், சுவரில் ஒயர் தொங்கும். (போன் சார்ஜர் உதவாது, அது நேர்மின்சாரம்.)

கேஸ் ஃபர்னஸ் என்றால் என் ஓட்டு முதல் வழிக்கே. எதுவானாலும் முதலில் பிரேக்கரை அணையுங்கள், அப்புறம் ஸ்க்ரூடிரைவர்.