மூக்குச் சதைக்கு மூன்று ஊசிகள்: ஈசினோஃபிலை ஒழித்தால் போதுமா?

ஸ்டீராய்டு ஸ்பிரே, உப்புநீர்க் கழுவல், எண்டோஸ்கோப்பி அறுவை எல்லாம் பார்த்த பிறகும் இரு பக்க மூக்கிலும் சதை (பாலிப்) திரும்ப வளர்ந்தால் அடுத்து வருவது பயாலஜிக் ஊசி, அதாவது அழற்சிச் சமிக்ஞை ஒன்றைக் குறிவைத்து முடக்கும் ஆன்டிபாடி மருந்து. அமெரிக்காவில் இதற்கான அனுமதி டூபிலுமாப்புக்கு 2019இலும் ஓமாலிசுமாப்புக்கு 2020இலும் மெபோலிசுமாப்புக்கு 2021இலும் கிடைத்தது. மூன்றும் தோலுக்கடியில் போடுபவை. எதைப் போட்டாலும் ஸ்பிரேயை விடக்கூடாது; ஊசியை நிறுத்தினால் பலருக்குச் சதை மறுபடி தலைகாட்டும். அதுவரை மூன்றும் ஒன்றுதான். எந்த நோயெதிர்ப்பு செல்லின் எந்த வேலையை முடக்குகின்றன என்பதில்தான் பிரிகின்றன. என் ஓட்டு டூபிலுமாப்புக்கு.

இந்தச் சதையை நுண்ணோக்கியில் பார்த்தால் பெரும்பாலும் ஈசினோஃபில் என்ற வெள்ளணு மொய்த்துக் கிடக்கும். அதை ஒழித்தால் சதை வற்றிவிடும் என்று யாருக்கும் தோன்றும். மெபோலிசுமாப் போகும் வழி அதுதான்: ஈசினோஃபில் வளரவும் பிழைக்கவும் தேவையான ஐஎல்-5 என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்து வைக்கிறது. ரத்தத்தில் எண்ணிக்கை சட்டென்று இறங்கும். ஆனால் டெக்ஸ்பிராமிபெக்ஸோல் என்ற, ஈசினோஃபிலைக் குறைக்கும் மாத்திரையை வைத்து நடந்த, 2019இல் வெளியான சிறிய சோதனை இந்தக் கணக்கைக் குழப்பிவிட்டது. சதைக்குள் இருந்த ஈசினோஃபில் கிட்டத்தட்ட முழுதும் போனது. சதை மட்டும் சுருங்கவில்லை.

அப்படியென்றால் சதையை ஊதிவைப்பது எது? மூக்கின் மேல்தோல் புண்படும்போது ஐஎல்-33, டிஎஸ்எல்பி என்ற எச்சரிக்கைப் புரதங்கள் வெளிவந்து ஐஎல்சி2, டிஎச்2 என்ற நோயெதிர்ப்பு செல்களைத் தூண்டுகின்றன. அவை ஐஎல்-5ஓடு நிற்பதில்லை. ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டையும் சுரக்கின்றன. இந்த இரண்டின் தூண்டுதலில் பி செல்கள் ஐஜிஇ என்ற ஒவ்வாமை ஆன்டிபாடியின் தயாரிப்புக்கு மாறுகின்றன, சளிச் செல்கள் பெருகுகின்றன. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கு செல்கள் ரத்த உறைதல் காரணி 13ஐக் கொட்டி ஃபைப்ரின் என்ற உறைபுரத வலையை இறுக்குகின்றன. அந்த வலையைக் கரைக்கும் டிபிஏ நொதியோ மேல்தோலில் குறைந்துபோகிறது. ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீர் வலையில் சிக்கித் தங்குவதால்தான் சதை கூழ்போல் தொங்குகிறது. ஈசினோஃபில் ரத்தத்திலிருந்து திசுவுக்குள் நுழையும் வழியைத் திறப்பதும் இதே இரண்டுதான். டூபிலுமாப் இவை இரண்டுக்கும் பொதுவான ஐஎல்-4 ஏற்பியின் ஆல்ஃபா பகுதியை அடைக்கிறது. வாசனை முதல் சில வாரங்களிலேயே திரும்பத் தொடங்குவது பலரிடம் காணப்படுகிறது.

ஓமாலிசுமாப் ஐஜிஇயைப் பிடித்து, ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்லை அடக்குகிறது. ஆஸ்துமாவும் மூக்குச் சதையும் சேர்ந்தவர்களிடம் இதை டூபிலுமாப்போடு நேரடியாக மோதவிட்ட எவரெஸ்ட் சோதனையில், 24 வாரத்தில் சதை அளவிலும் வாசனையிலும் டூபிலுமாப் முந்தியது. மெபோலிசுமாப்போடு ஒப்பிடும்போது அவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். அதன் முக்கியச் சோதனையில் சேர்ந்த எல்லோரும் முன்பே அறுவை செய்துகொண்டவர்கள். டூபிலுமாப் சோதனைகளில் அப்படி இல்லை. இரண்டின் எண்களையும் அருகருகே வைத்துத் தீர்ப்பு சொல்வது சரியல்ல.

அளவு: டூபிலுமாப் 300 மி.கி., 2 வாரத்துக்கு ஒருமுறை. மெபோலிசுமாப் 100 மி.கி., 4 வாரத்துக்கு ஒருமுறை. வசதி என்று பார்த்தால் இது மேல். ஓமாலிசுமாப் எடையையும் ஐஜிஇயையும் பொறுத்து 75 முதல் 600 மி.கி. வரை, 2 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. ஊசி தொடங்கியதும் மொத்த ஐஜிஇ ஏறும் என்பதால் நடுவில் அதை அளந்து டோஸை மாற்றக் கூடாது.

டூபிலுமாப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. எலும்பு மஜ்ஜை ஈசினோஃபிலைத் தயாரித்துக்கொண்டே இருக்கும், திசுவுக்குள் போக வழி இருக்காது. ஆகவே சிலருக்கு ரத்தத்தில் எண்ணிக்கை ஏறும். பெரும்பாலும் தானே இறங்கிவிடும். தொடக்கத்திலேயே மைக்ரோலிட்டருக்கு 1,500ஐத் தாண்டியிருந்தாலோ, கைகால் மரத்துப்போதல், தோலில் செந்தடிப்பு, நுரையீரல் நிழல் போன்ற ஈஜிபிஏ (ஈசினோஃபில் மிகுந்து ரத்தக் குழாய்கள் அழலும் நோய்) அறிகுறி இருந்தாலோ நான் மெபோலிசுமாப் பக்கம் தாவிவிடுவேன். ஈஜிபிஏவுக்கே அதை 300 மி.கி. அளவில் தருகிறார்கள்.

நியூட்ரோஃபில் என்ற வேறு வகை வெள்ளணு மிகுந்த சதைக்கு இந்த விவாதமே பொருந்தாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோயில் வருவது பெரும்பாலும் அந்த வகை. ஸ்டீராய்டுக்கும் சரியாக மசியாது. எந்த வகை என்று அறிய ரத்த ஈசினோஃபில், மொத்த ஐஜிஇ, திசுப் பரிசோதனை வேண்டும். மூக்கு-சைனஸ் நோய்க்கான ஐரோப்பிய வழிகாட்டியான இபோஸ் 2020இன் கோடு: ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 250 ஈசினோஃபில், ஐஜிஇ 100 யூனிட், திசுவில் ஒரு பார்வைப் புலத்துக்கு 10 ஈசினோஃபில், ஒன்று எட்டினாலும் டைப் 2, அதாவது மேலே சொன்ன ஐஎல்-4, 5, 13 வழி அழற்சி. ரத்தத்தை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போனபின் எண் விழுந்து, டைப் 2 நோயாளியும் இல்லாதவர்போலத் தெரிவார். சதை ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஊசிப் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் சிடி ஸ்கேனும் பயாப்ஸியும்.